விரைவுப் பூட்டு எல்லோர் காலுக்கும் பொருந்தட்டும்

ஒன்ராறியோவின் பனிச்சறுக்குக் குன்றுகள் உயரமானவை அல்ல. ரொறன்ரோவிலிருந்து நெடுஞ்சாலை 400 இல் பாரி வரை போய் மேற்கே திரும்பினால் கொலிங்வூட் அருகே புளூ மவுன்டன் வரும். இந்தப் பக்கத்தில் பெயர்பெற்ற இடம் அது. உச்சிக்கும் அடிவாரத்துக்கும் இடையே ஏறத்தாழ 220 மீட்டர்தான். மேற்குக் கரையின் விஸ்லர் பிளாக்கோம்பில் அந்த உயரம் 1,600 மீட்டரைத் தொடும். அங்கே உச்சியில் சற்று நேரம் உட்கார்ந்து காலைக் கட்டினாலும், பிறகு நெடுநேரம் இறங்கிக்கொண்டே இருக்கலாம். இங்கே கட்டி முடித்து எழும்பினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் அடிவாரம் வந்துவிடும். திரும்பவும் லிஃப்ட், திரும்பவும் பனியில் உட்காருவது, திரும்பவும் கட்டுவது. ஸ்நோபோர்ட்டில் காலைப் பிணைக்கும் பைண்டிங் பட்டியாக இருக்க வேண்டுமா, மிதித்தவுடன் பூட்டிக்கொள்வதாக இருக்க வேண்டுமா என்று இந்த விளையாட்டுக்காரர்கள் நடத்தும் வாக்குவாதத்தை, நான் இந்தச் சின்னக் குன்றுகளின் அடிவாரத்தில் நின்றுதான் பார்க்கிறேன்.

எனக்கு வயது 56. கிழமை நாட்களில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை. குளிர்காலச் சனி, ஞாயிறுகளில் ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள குன்றொன்றில், ஸ்கீயும் ஸ்நோபோர்ட்டும் வாடகைக்குக் கொடுக்கும் மேசையில் நிற்கிறேன். பாதத்தை அளந்து சப்பாத்து எடுத்துக் கொடுப்பது, பைண்டிங்கின் கோணத்தைத் திருத்துவது, அறுந்த பட்டியை மாற்றுவது எல்லாம் என் பொறுப்பு. மகள் பழகிய காலத்தில் அவளோடு சேர்ந்து நானும் ஸ்நோபோர்ட் பழகினேன். இன்றும் சறுக்குகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விரைவாகப் பூட்டும் பைண்டிங் வந்தது நல்லது. அது இன்னும் பரவ வேண்டும். ஆனால் எந்தக் கம்பனியின் சப்பாத்தும் எந்தக் கம்பனியின் பைண்டிங்கிலும் பொருந்தும் என்ற சுதந்திரத்தைப் பட்டி நமக்குத் தந்திருக்கிறது. விரைவுக்கு விலையாக அந்தச் சுதந்திரத்தை நாம் கொடுக்கக் கூடாது.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்கீயில் ஒவ்வொரு காலுக்கும் ஒரு பலகை. ஸ்நோபோர்ட்டில் இரண்டு காலுக்கும் சேர்த்து ஒரே பலகை. அதில் பக்கவாட்டில் நின்று சறுக்க வேண்டும். வழமையான பைண்டிங்கில் ஒரு காலுக்கு இரண்டு பட்டிகள்: ஒன்று கணுக்காலின் மேல், மற்றது விரல்களின் மேல். பட்டியின் நுனியில் பல்வெட்டிய பிளாஸ்டிக் நாடா இருக்கும். அதை ராட்செட் கொக்கிக்குள் நுழைத்து, நெம்பை மேலும் கீழும் அசைத்து இறுக்க வேண்டும். கெண்டைக்காலைத் தாங்கப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் தடுப்புக்கு ஹைபேக் என்று பெயர். லிஃப்டில் ஏறும்போது முன்கால் மட்டும் பூட்டியிருக்கும். பின்கால் வெளியே இருந்தால்தான் தரையைத் தள்ளி நகர முடியும். உச்சியில் இறங்கியதும் பின்காலைக் கட்ட வேண்டும். பழகியவர்கள் நின்றபடியே குனிந்து கட்டிவிடுவார்கள். மற்றவர்கள் பனியில் உட்கார்ந்துவிடுவார்கள்.

யார் அந்த மற்றவர்கள்? முதலில் பிள்ளைகள். ஆறு வயதுப் பிள்ளையின் கையில் தடித்த கையுறை. அந்தக் கையோடு நாடாவின் நுனியை ராட்செட்டின் சின்ன வாய்க்குள் நுழைக்க ஏலாது. கையுறையைக் கழற்றினால், பூச்சியத்துக்குக் கீழே 15 பாகைக் குளிரில் விரல் விறைத்துப்போகும். ராட்செட்டுக்குள் போன பனி உறைந்துவிட்டால் பல் பிடிக்காது. “அன்ரி, இது இறுகுதில்லை” என்று பிள்ளைகள் பலகையைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு வருவார்கள். உச்சியிலோ தாயோ தகப்பனோ ஒவ்வொரு முறையும் முழங்காலில் இருந்து கட்டிவிட வேண்டும். மத்தியானத்துக்கு முன்னே “எனக்குக் காணும்” என்று பலகையைத் திருப்பித் தரும் பிள்ளைகளில் பலர், சறுக்கிக் களைப்பதற்கு முன்பே கட்டிக் கட்டிக் களைத்துப்போனவர்கள்.

அடுத்தவர்கள் என் வயதுக்காரர்கள். தடித்த ஜக்கெட், உள்ளே இரண்டு அடுக்கு உடுப்பு, பிடித்துக்கொண்ட இடுப்பு என்று இத்தனையோடும் குனிந்து சொந்தக் கால்விரலைத் தொடுவதே பெரும்பாடு. என் இடது முழங்காலில் தேய்மானம் இருக்கிறது. சறுக்கும்போது அது என்னைத் தொந்தரவு செய்வதில்லை. பனியில் உட்கார்ந்து எழும்பும்போதுதான் குத்துகிறது. இப்படி எத்தனையோ பேர் இருக்கிறோம். சறுக்க உடம்பு இடம் கொடுக்கும், கட்ட இடம் கொடுக்காது. ஒரே குடும்பத்தில் ஒருவர் ஸ்கீயும் மற்றவர் ஸ்நோபோர்ட்டும் என்றால் வேறுபாடு இன்னும் வெளிச்சமாகும். ஸ்கீக்காரர் சப்பாத்தின் முன்நுனியை வைத்து, குதிகாலை அழுத்தினால் முடிந்தது. பல தசாப்தங்களாக அவர்களுக்கு இந்த வசதி இருக்கிறது.

இப்போது ஸ்நோபோர்ட்டிலும் அந்த வசதிக்குச் சில வழிகள் வந்திருக்கின்றன. 1990களில் வந்த ஃப்ளோ பைண்டிங்கில் ஹைபேக் பின்பக்கமாகச் சாயும். காலைப் பின்னாலிருந்து உள்ளே தள்ளி, ஹைபேக்கை நிமிர்த்திப் பூட்டினால் சரி. 2017 இல் பர்ட்டன் கம்பனி ஸ்டெப் ஆன் என்ற முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதில் பட்டியே கிடையாது. சப்பாத்தின் குதிகாலில் ஒரு கொளுக்கி, முன்பகுதியில் இரு பக்கமும் ஒவ்வொன்று. குதியை முதலில் அழுத்தி, பிறகு முன்காலை மிதித்தால் மூன்றும் பூட்டிக்கொள்ளும். 2022 அளவில் சுவிற்சர்லாந்தின் நைடெக்கர் சூப்பர்மேட்டிக் என்ற பைண்டிங்கை விற்பனைக்கு விட்டது. அதில் பட்டிகள் இருக்கும், ஆனால் ஒவ்வொரு தடவையும் அவற்றை அவிழ்க்கத் தேவையில்லை. காலை உள்ளே வைத்துக் குதியால் மிதித்ததும் ஹைபேக் எழும்பித் தானாகப் பூட்டும். வேண்டுமானால் வழமைபோலப் பட்டியை அவிழ்த்தும் போடலாம்.

இவை எல்லாம் திடீரென்று முளைத்தவை அல்ல. 1965 ஆம் ஆண்டு நத்தார் தினத்தில், மிச்சிகன் மாநிலத்தின் மஸ்கீகன் நகரில் ஷெர்மன் பொப்பன் என்பவர் தன் பெண்பிள்ளைகளுக்காக இரண்டு ஸ்கீக்களைச் சேர்த்துப் பிணைத்து ஒரு பலகை செய்தார். ஸ்நர்ஃபர் என்று பெயர்பெற்ற அந்தப் பலகையில் காலைப் பிணைக்க ஒன்றும் இருக்கவில்லை. முன்நுனியில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஸ்நர்ஃபரில் பழகிய ஜேக் பர்ட்டன் கார்பென்டர், 1977 இல் வெர்மான்ட் மாநிலத்தில் தன் கம்பனியைத் தொடங்கினார். 1979 இல் மிச்சிகனில் நடந்த ஸ்நர்ஃபர் போட்டிக்கு அவர் காலைப் பிணைக்கும் பைண்டிங் வைத்த பலகையோடு போனபோது, அது முறையல்ல என்று எதிர்ப்பு எழுந்தது. கடைசியில் அப்படிப்பட்ட பலகைகளுக்கென்று தனிப் பிரிவு வைத்தார்கள். 1980களின் முற்பகுதியில் ஜெஃப் கிரெல் வடிவமைத்த ஹைபேக் வந்த பிறகுதான், இறுகிய பனியில் பலகையின் குதிப்பக்க விளிம்பை ஊன்றித் திருப்புவது எளிதாயிற்று. இன்று மரபு என்று நாம் போற்றும் பட்டியும் ஹைபேக்கும், ஒரு காலத்தில் புதுமைகளாக இருந்தவை.

அதற்காக, புதியது எல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. 1990களில் இதே கனவு ஒருமுறை தோற்றிருக்கிறது. சைக்கிள் மிதிக்கட்டையில் சப்பாத்தைக் கொளுவும் முறையில் கைதேர்ந்த ஷிமானோ, கே2 கம்பனியோடு சேர்ந்து கிளிக்கர் என்ற முறையைக் கொண்டுவந்தது. ஸ்விட்ச் என்ற இன்னொரு முறையும் இருந்தது. பர்ட்டனும் தனக்கென ஒன்றை விற்றது. இவற்றில் பிடிப்பு முழுக்கச் சப்பாத்தின் அடியில் இருந்தது. மேலே பட்டி இல்லாததால், பட்டி செய்த வேலையையும் சப்பாத்தே செய்ய வேண்டியிருந்தது. அதனால் சப்பாத்து விறைப்பாகவும் பாரமாகவும் ஆனது. உள்ளே குதிகால் தூக்கியது. அடியில் பனி அடைத்துக்கொண்டால் கொளுக்கி பிடிக்காது. நின்று சுரண்ட வேண்டும். 2000களின் தொடக்கத்தில் அவை கடைகளிலிருந்து கிட்டத்தட்ட மறைந்துபோயின. ஸ்டெப் ஆன் அந்தத் தோல்வியிலிருந்து பாடம் படித்தது. குதிகாலைப் பின்னாலும், முன்காலைப் பக்கங்களிலும் பிடித்ததால் உள்ளங்காலின் அடி விடுபட்டது. சப்பாத்தும் மென்மையாக இருக்க முடிந்தது.

என்னோடு வேலை செய்யும் இளைஞன் ஒருவன் இன்னும் பட்டியைத்தான் நம்புகிறான். இரும்புக் குழாயில் வழுக்குவதும், மேட்டிலிருந்து பாய்ந்து சுழல்வதும் அவனுக்குப் பிடித்தவை. “அன்ரி, பட்டி போட்டால் பலகை காலோட கதைக்கும்” என்பான். அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. பட்டிக்குள் கணுக்கால் பக்கவாட்டில் கொஞ்சம் அசையலாம். இன்றைக்கு விரலில் தளர்வு, கணுக்காலில் இறுக்கம் என்று பல்லுப் பல்லாக மாற்றிக்கொள்ளலாம். ஆழமான புதுப் பனியில், காலடியில் எவ்வளவு பனி ஒட்டினாலும் பட்டி அதையும் சேர்த்துக் கட்டிவிடும். அறுந்தால் திருகாணி ஒன்று, நாடா ஒன்று, திருப்புளி ஒன்று போதும். என் மேசையில் சில நிமிட வேலை. அதிலும், ஒரு கம்பனியின் நாடா இன்னொரு கம்பனியின் பட்டிக்கும் பெரும்பாலும் பொருந்தும். வாகனத்திலிருந்து வெகுதூரம் நடந்து மலைக்குள் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

ஆகவே, பட்டி ஒழிய வேண்டும் என்று எந்தப் பக்கத்திலிருந்து சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன். ஆனால் “விரைவுப் பூட்டு சோம்பேறிகளுக்கு” என்று பரிகசிப்பவர்களையும் ஏற்க மாட்டேன். இருபது வயதின் இடுப்பை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் சட்டம் எழுதக் கூடாது. தேய்ந்த முழங்காலோடும், செயற்கைக் காலோடும், விரல் வளையாத கையோடும் குன்றுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்நோபோர்ட் 2014 சோச்சியிலிருந்து பராலிம்பிக்கில் இருக்கிறது. பூட்டுவது எளிதானால் இந்த விளையாட்டு இன்னும் பலருக்குத் திறக்கும். அதைவிடப் பெரிய நியாயம் எனக்குத் தெரியவில்லை.

என் கவலை வேறிடத்தில் இருக்கிறது. பட்டிப் பைண்டிங்கில் எந்தச் சப்பாத்தையும் போடலாம். ஸ்டெப் ஆனில் அதற்கென்று செய்த சப்பாத்தை மட்டுமே போடலாம். பர்ட்டன் உரிமம் கொடுத்ததால் டிசி, நைட்ரோ, தேர்ட்டிடூ போன்ற கம்பனிகளும் அந்தச் சப்பாத்தைச் செய்கின்றன. அது வரவேற்க வேண்டிய செயல். ஆனாலும் வாசல் ஒருவருடையது. அவர் அனுமதித்தவர்தான் உள்ளே வரலாம். ஸ்டெப் ஆன் சப்பாத்தைப் பட்டிப் பைண்டிங்கில் போட்டுச் சமாளிக்கலாம். சாதாரணச் சப்பாத்தை ஸ்டெப் ஆனில் போட வழியே இல்லை. புதிதாகச் சப்பாத்தும் பைண்டிங்கும் சேர்த்து வாங்கினால் 500 அமெரிக்க டொலருக்கு மேல் போகும்.

இது யாரைத் தாக்கும் என்று ரொறன்ரோப் பக்கத்து ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் முதல்முறை குன்றைப் பார்த்த பிள்ளை, அடுத்த வருடம் தானும் பழக வேண்டும் என்று கேட்கிறது. பெரியப்பா வீட்டு அண்ணாவுக்குக் கால் வளர்ந்துவிட்டது. அவனுடைய சப்பாத்து தம்பிக்கு வருகிறது. யாரோ விற்ற பழைய பலகையும் பைண்டிங்கும் கராஜில் இருக்கின்றன. மூன்றும் மூன்று கம்பனிகளுடையவை, இருந்தும் ஒன்றோடொன்று சேர்கின்றன. இப்படித்தான் காசு கூடிய இந்த விளையாட்டுக்குள் சாதாரண வீட்டுப் பிள்ளைகள் நுழைகிறார்கள். பூட்டு ஒரே கம்பனியின் சொத்தாக மூடியிருந்தால் இந்தக் கைமாற்றம் முறிந்துபோகும். சப்பாத்து சிறுத்தால் பைண்டிங்கை மாற்ற வேண்டியதில்லைதான், ஆனால் அதே முறையில் செய்த சப்பாத்தைத்தான் தேட வேண்டும். பழையதாக அது கிடைக்காவிட்டால் புதிது வாங்க வேண்டும்.

சப்பாத்து விஷயத்தில் தெரிவு குறைவது பணத்தை மட்டும் பாதிப்பதில்லை. ஸ்நோபோர்ட்டில் மிக முக்கியமான பொருள் பலகையோ பைண்டிங்கோ அல்ல, சப்பாத்துதான். ஒவ்வொரு கம்பனியும் தனக்கென ஒரு பாத அச்சை வைத்துத்தான் சப்பாத்தைச் செய்கிறது. சின்ன வயதில் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் வெறுங்காலோடு திரிந்த என் பாதம் அகலமானது. எல்லாச் சப்பாத்தும் அதற்கு ஒத்துவராது. மேசையில் பாதம் அளக்கும்போது, எத்தனை விதமான பாதங்கள் இருக்கின்றன என்பதைத்தான் ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன். பூட்டுக்காகப் பொருந்தாத சப்பாத்தை ஒருவர் சகித்துக்கொண்டால் குதி தூக்கும், விரல் மரக்கும், பலகை சொன்னபடி திரும்பாது.

இதற்குத் தீர்வு கண்டுபிடிக்கப்படாத ஒன்றல்ல. ஸ்கீ உலகம் அதை எப்போதோ செய்துவிட்டது. ஸ்கீச் சப்பாத்தின் அடிக்கு ஐஎஸ்ஓ 5355 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஓர் அளவு, சிறுவர்களுக்கு ஓர் அளவு. அந்தத் தரத்துக்குச் செய்த சப்பாத்து, அதே தரத்துக்கான எந்தக் கம்பனியின் பைண்டிங்கிலும் பொருந்தும். ஸ்கீ பைண்டிங்கின் பொறிமுறை ஒவ்வொரு கம்பனிக்கும் வேறுதான். சப்பாத்து சேரும் இடம் மட்டும் பொதுவானது. கைபேசிகளுக்கு ஆளுக்கொரு சார்ஜர் என்றிருந்த நிலைமையை ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு ஒரே துளைக்குக் கொண்டுவந்ததும் இதே நியாயத்தில்தான்.

ஸ்நோபோர்ட்டிலேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு. பலகையில் பைண்டிங்கைத் திருகும் துளைகளுக்கு 4 சென்டிமீட்டர் இடைவெளி என்ற பொது அமைப்பு பரவலாக நிலைத்திருக்கிறது. பர்ட்டன் தன் பலகைகளில் முதலில் மூன்று துளை அமைப்பையும், பிறகு தண்டவாளம்போல் நீளும் சானல் அமைப்பையும் வைத்தது. இன்று மற்றக் கம்பனிகளின் பைண்டிங்குகளில் பல, அந்தச் சானலிலும் திருகக்கூடிய தட்டுகளோடு வருகின்றன. பைண்டிங்கின் அடியில் ஒத்துப்போக முடிந்தவர்களுக்கு, அதன் மேற்பக்கத்தில் ஏன் முடியாது? எந்தச் சப்பாத்தையும் ஏற்கும் சூப்பர்மேட்டிக்கும் ஃப்ளோவும், விரைவுக்காகத் தெரிவைப் பலிகொடுக்கத் தேவையில்லை என்பதைக் காட்டிவிட்டன. பட்டியே இல்லாத பூட்டுத்தான் சிறந்தது என்று ஒரு கம்பனி நம்பினால், கொளுக்கிகளின் இடத்தையும் அளவையும் பொதுத் தரமாக்கட்டும். பூட்டின் பொறிமுறையில் போட்டி போடட்டும்.

பொதுத் தரம் பேசும் மேசையில் பாதுகாப்பும் இருக்க வேண்டும். ஸ்கீ பைண்டிங், விழும் வேகத்தில் தானாகக் கழன்று காலைக் காப்பாற்றும்படி அமைக்கப்படுகிறது. ஸ்நோபோர்ட் பைண்டிங் பட்டியானாலும் விரைவுப் பூட்டானாலும் தானாகக் கழலாது. கையால்தான் விடுவிக்க வேண்டும். ஆழமான பனியில், மரத்தடிப் பள்ளத்தில் தலைகீழாக விழுந்தவருக்கு, அந்த நெம்பு கைக்கு எட்டுமா என்பது உயிர்ப் பிரச்சினை. நெம்பு எங்கே இருக்க வேண்டும், கையுறையோடு எவ்வளவு பலத்தில் இழுபட வேண்டும் என்பதற்கும் பொது அளவு வேண்டும்.

வாடகைக்குக் கொடுக்கும் குன்றுகளிடம் நான் கேட்பது இது. கருவிகளைப் புதுப்பிக்கும்போது, முதலில் சின்னப் பிள்ளைகளுக்கும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும் விரைவுப் பைண்டிங் வையுங்கள். அவர்களுக்குத்தான் அது அதிகம் உதவும். எங்களுடையது போன்ற சிறு குன்றுகளில், பூட்டுவதில் மிஞ்சும் ஒவ்வொரு நிமிடமும் சறுக்கும் நிமிடமாகும். வாங்கும்போது, இருக்கும் சப்பாத்துகளோடு பொருந்தும் முறையைத் தேர்ந்தெடுங்கள். மொத்தமாக வாங்குகிறவர்களின் குரல் கம்பனிகளின் காதில் விழும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கையில் இருக்கும் பணத்தில் முதலில் பாதத்துக்குப் பொருந்தும் சப்பாத்து, பிறகு தலைக்கவசம், பிறகு மணிக்கட்டுக் காப்பு, பிறகு முறையான பயிற்சி வகுப்பு. பூட்டு அதற்குப் பிறகுதான். ஸ்நோபோர்ட்டில் விழுகிறவர் கையை ஊன்றி விழுவதால், அதிகம் உடைவது மணிக்கட்டு. எந்தப் பைண்டிங்கும் அதைத் தடுக்காது.

காப்புரிமைக்கு ஆயுள், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். காத்திருந்தால் மூடிய பூட்டுகள் ஒருநாள் தாமாகவே எல்லோருக்கும் பொதுவாகிவிடும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இன்று சப்பாத்துக்குப் பாதம் அளக்க வரும் ஆறு வயதுப் பிள்ளை அதற்குள் வளர்ந்து முடிந்துவிடும். பூட்டைக் கண்டுபிடித்தவர்களுக்கு அதன் பலன் கிடைக்கட்டும். சப்பாத்து சேரும் இடத்தை மட்டும் அவர்கள் இப்போதே பொதுவாக்கட்டும். அவர்கள் செய்யும்வரை, கடைக்குப் போகும் நாம் ஒவ்வொருவரும் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டே காசை எண்ணுவோம்: இந்தச் சப்பாத்து வேறு யாருடைய பைண்டிங்கில் பொருந்தும்? நிறையப் பேர் கேட்டால், பதிலை மாற்றுவதைத் தவிர விற்கிறவர்களுக்கு வேறு வழி இராது.